அது சுண்ணாம்பு அல்ல

புதன்கிழமைகளில் மல்கிரேவ் மண்டபத்தில் என்னோடு ஒரே மேசையில் இருந்து தேநீர் குடிப்பவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். அன்பு மேலிட்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். போன புதன் நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தமிழ்ச் சங்கச் செயலாளர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் மெல்பேர்னில் இரண்டு தமிழ் மல்யுத்தக்காரர்கள் இருந்தார்களாம். ஒருவன் சிலோன், மற்றவன் மலாயா. பட்டத்துக்கு ஆசைப்பட்ட சிலோன்காரன் மற்றவனின் கண்ணில் சுண்ணாம்பை எறிந்து குருடாக்கிவிட்டானாம். “எங்கட ஆக்கள் எங்க போனாலும் எங்கட ஆக்கள்தான்” என்று செயலாளர் முடித்தார். நீங்கள் வடையை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தீர்கள். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

உங்களில் சிலருக்குத் தெரியும், அந்தச் சிலோன்காரன் என் அம்மாவின் தம்பி. என் மாமா.

அம்மா இருக்கும்வரை வாய் திறக்கக் கூடாது என்று மாமா என்னிடம் கேட்டிருந்தார். அம்மா போய்விட்டார். மாமாவும் போய்விட்டார். மாமாவின் செத்தவீட்டுக்கு உங்களில் பாதிப் பேர் வந்து சாப்பிட்டீர்கள். அன்றைக்கும் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு இதே சுண்ணாம்புக் கதையைத்தான் பேசினீர்கள். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். இனி நீங்கள் கேளுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. மெல்பேர்னுக்கு வெளியே டண்டினொங்கில் பலகை வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். இன்றைக்கு அங்கே தோசைக்கும் சேலைக்கும் வரிசையில் நிற்கிறீர்களே, அப்போது ஒரு கொத்து கறிவேப்பிலைக்கு வழி கிடையாது. தமிழ்க் குடும்பங்களை எண்ண ஒரு கை விரல்கள் தாராளம். கோயில் இல்லை. குசினி அலுமாரியின் மேல்தட்டில் ஒரு முருகன் படம், அதன் அருகே ஒரு பழைய பால்மாவுத் தகரப் பேணி. அந்தப் பேணிக்குள் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த திருநீறு இருந்தது. மணம் போகாமல் இருக்க ஒரு துண்டு கற்பூரமும் காய்ந்த வெட்டிவேரும் உள்ளே போட்டு வைத்திருந்தார். மூடியைத் திறந்தால் குளிரில் விறைத்த வீடு முழுக்க ஒரு கோயில் வந்து நிற்கும். காய்ச்சல் வந்தால் நெற்றியில் பூசி நாக்கிலும் ஒரு சிட்டிகை வைப்பார். கெட்ட கனவுக்கும் அதுதான். வயிற்றுக்குத்துக்கும் அதுதான். புத்தகத்தில் கால் பட்டால், பொய் சொன்னால், சாப்பாட்டை மிச்சம் விட்டால், “சாமி கண்ணைக் குத்தும்” என்பார். நான் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடிய நாட்கள் உண்டு.

மாமா படிக்க வந்து படிப்பை விட்டவர். சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அங்கேதான் பினாங்கு அங்கிள், செயலாளர் கதையில் வரும் மலாயாக்காரர், அவரைக் கண்டார். மூட்டைக்காரன் தமிழில் தனக்குத்தானே திட்டிக்கொள்வதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாராம்.

பினாங்கு அங்கிள் அப்போதே பெயர் எடுத்தவர். மலாயாவில் கேளிக்கைப் பூங்காக்களில் சின்ன வயதிலிருந்து மல்யுத்தம் செய்து, அங்கே பட்டமும் வாங்கி, பிறகு இங்கே வந்தவர். காதுகள் இரண்டும் கசங்கிப்போய் இருக்கும். கிட்டே வந்தால் தைல மணம். தொலைக்காட்சியில் மல்யுத்தம் புதிதாகச் சூடு பிடித்த காலம் அது. சனிக்கிழமை ஆடியதை ஞாயிறு மதியம் காட்டுவார்கள், தெருவே பெட்டிக்கு முன்னால் இருக்கும். அதில் அவர் தலைப்பாகை கட்டிய “மகாராஜா”. கெட்டவன். இங்கிருந்த வெள்ளைக்கார வீரனை ஏமாற்றி அடிப்பதும், கடைசியில் சனம் குளிரும்படி அடி வாங்குவதும் அவர் வேலை. மல்யுத்தம் நடத்திய கொம்பனிக்காரரிடம் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய், தம்பி மகாராஜா என்று சேர்த்துவிட்டவர் அவர்தான். மாமாவின் தலைப்பாகைக்கு அம்மா தன் ஊதாப் பட்டுச்சேலையைக் கிழித்துக் கொடுத்தார். அந்தச் சேலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சில மாதத்தில் சகோதர மகாராஜாக்கள் இரட்டையர் பட்டத்தை வென்றார்கள். மேடையில் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. மேடைக்கு வெளியே ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கமாட்டார்.

பட்டம் என்றால் ஒரு தோல் பட்டி, நடுவில் பித்தளைத் தகடு. ஆள் இரண்டு, பட்டி ஒன்று. ஒரு வாரம் இவரிடம், ஒரு வாரம் அவரிடம் என்று ஏற்பாடு. எங்கள் முறை வரும்போது அது தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் கிடக்கும். தகட்டைத் தேய்த்து மினுக்குவது என் வேலை. அதைக் கொடுக்கவும் வாங்கவும் பினாங்கு அங்கிள் வரும் ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டின் ஒடுங்கிய நடையில் பெரிய மனிதர் இருவர் சின்னப் பிள்ளைகள் மாதிரி அதைப் பிடித்து இழுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சண்டைக்குக் காரணம் பட்டி இல்லை. பினாங்கு அங்கிளுக்கு மாமாவின் வேலை பிடிக்கவில்லை. மாமாவுக்குப் பலம் இருந்தது, நடிப்பு இல்லை. அடி வாங்கினால் மரம் மாதிரி நிற்பார். “உனக்கு நடிக்க வராதுடா” என்று அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொடங்குவார். “வலிக்கிற மாதிரி மூஞ்சியை வைக்கத் தெரியல. நீயெல்லாம் ஒரு மல்யுத்தக்காரனா?” மாமா பதிலுக்கு அவருடைய வயிற்றையும் வயதையும் சொல்லுவார். அதோடு பினாங்கு அங்கிளிடம் ஒரு கெட்ட குணம் இருந்தது. நடு ஆட்டத்தில் சொல்லாமல் கொள்ளாமல் திட்டத்தை மாற்றி மாமாவை முட்டாளாக்குவார். நோகிறது என்று கத்துவார், மாமா பயந்து பிடியை விடுவார், அவர் எழுந்து தூக்கி அடிப்பார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். மாமா அதை ஒருநாளும் மன்னிக்கவில்லை.

மேடையில் அவர்கள் தமிழில்தான் கதைப்பார்கள். வர்ணனையாளர் அதைக் காட்டுக்குள்ளிருந்து வந்த இரகசிய மொழி என்பார். ஒருவர் தோளில் மற்றவர் கை போட்டுக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, எருமை, பன்றி, இன்னும் என்னென்னவோ சொல்லித் திட்டிக்கொள்வது நாடு முழுக்க ஒளிபரப்பாகும். அம்மா என் காதைப் பொத்துவார். அப்பா இரவு வேலை முடித்துவிட்டு உள்ளறையில் தூங்குவார், அவருக்கு இந்தக் கூத்து எதிலும் பங்கில்லை.

அம்மாவுக்குப் பினாங்கு அங்கிளைக் கண்ணில் காட்டக் கூடாது. காரணத்தை மறைக்கப்போவதில்லை. “தோட்டத்துக்குக் கூலியாப் போனவையின்ர வம்சம்” என்பார். அந்த மனிதருக்கென்று கைபிடி உடைந்த ஒரு கோப்பை குசினி யன்னலில் தனியாக இருந்தது. அவர் குடித்து முடித்ததும் அதை வெளிக்குழாயில்தான் கழுவ வேண்டும். ஆயிரக்கணக்கான மைல் கடல் தாண்டி வந்து, வெள்ளைக்காரன் எங்களை எந்தக் கோப்பையில் வைத்திருக்கிறான் என்று தெரிந்தும், அம்மா அந்தக் கோப்பையை விடவில்லை. பினாங்கு அங்கிளுக்கு அது தெரியும். குடித்து முடித்ததும் தானே எழுந்து போய் வெளியில் கழுவி யன்னலில் கவிழ்த்துவிட்டு வருவார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை, நல்ல பழக்கம் என்று நினைத்தேன். நீங்கள் முகம் சுளிக்க வேண்டாம். அகதிகளாகப் படகில் வந்த பிள்ளைகள் எங்கள் மண்டபத்தில் கதிரை அடுக்க வரும்போது நீங்கள் கதைக்கும் கதையை நான் கேட்டிருக்கிறேன். கோப்பை மட்டும்தான் இல்லை.

எனக்கும் அவரைப் பிடிக்காது. என் காரணம் வேறு. ஒரு ஞாயிறு அவர் மேடையில் புதிய தந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். நெற்றியில் மூன்று குறி, இடுப்பில் சிவப்புச் சுருக்குப்பை. தோற்கும் கட்டத்தில் பைக்குள் கைவிட்டு, வெள்ளையாக ஒரு பிடி எடுத்து, மந்திரம் முணுமுணுத்து வெள்ளைக்கார வீரனின் கண்ணில் எறிந்தார். புனிதச் சாம்பல் என்று வர்ணனையாளர் கத்தினார். மண்டபமே எழுந்து நின்று ஊளையிட்டது. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைத் துடைப்பானை என் இரட்டைப் பின்னலில் அடித்தார்கள். வாரம் முழுவதும் அடித்தார்கள். வாய்க்குள், மூக்குக்குள் எல்லாம் வெண்கட்டித் தூள். ஆசிரியை, பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றார். பினாங்கு அங்கிள் செத்துப்போக வேண்டும் என்று நான் முருகன் படத்துக்கு முன்னால் கேட்டது அந்த வாரம்தான்.

அந்தத் தந்திரத்தைக் கண்ட ஞாயிறே அம்மா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு மாமாவின் கையைப் பிடித்து இழுத்துப் படத்துக்கு முன்னால் நிறுத்தினார். “அந்த மனிசன் என்ன பாவத்தையும் செய்யட்டும். நீ திருநீற்றைக் கையால எறியமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு.” மாமா அம்மாவின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவர் பொய்ச் சத்தியம் செய்யவில்லை. அதை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

குளிர் உச்சத்தில் இருந்தபோது கொம்பனிக்காரர் தீர்ப்புச் சொன்னார். சனத்துக்கு ஒரு மகாராஜா போதும். சகோதரர் இருவரும் மோதட்டும், தோற்றவர் பட்டத்தையும் விட்டு நாட்டையும் விட்டுப் போகட்டும். அது வெறும் விளம்பரம் இல்லை, தோற்பவருக்கு ஒப்பந்தமும் முடிந்துவிடும். டண்டினொங் கடைகளில் சுவரொட்டி ஒட்டினார்கள். இருந்த கொஞ்சத் தமிழ்க் குடும்பங்களும் இரண்டாகப் பிரிந்தன. சிலோன்காரர் மாமாவுக்கு, மலேசியாக்காரர் பினாங்கு அங்கிளுக்கு. ஒரே பேருந்தில் ஏறினாலும் பேசாமல் இருந்தார்கள்.

யார் வெல்வது என்பதைக் கொம்பனிக்காரர்தான் முன்கூட்டியே முடிவு செய்வார் என்று மாமா எனக்குப் பல வருடம் கழித்துச் சொன்னார். அந்தத் தொழிலில் அதை வீட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது. அம்மாவுக்குக் கடைசி வரை தெரியாது, தம்பி உண்மையாகவே உயிரைக் கொடுத்துச் சண்டை பிடிக்கிறான் என்றே நம்பினார். இளையவர் என்பதால் மாமா வெல்வது என்று முடிவாகியிருந்தது. தான் தோற்றுப் போகப்போவது பினாங்கு அங்கிளுக்குத் தெரியும். அவர் ஒன்றே ஒன்று கேட்டாராம். தான் கொண்டுவந்த தந்திரத்தாலேயே தான் விழ வேண்டும், கடைசி ஆட்டத்தைச் சனம் மறக்கக் கூடாது.

அம்மா கடைக்குப் போன ஒரு மாலை, எங்கள் கார்க் கொட்டிலில் அவர்கள் ஒத்திகை பார்த்தார்கள். நான் யன்னலால் பார்த்தேன். மாமா மாட்டேன் என்று நின்றார். சத்தியத்தைச் சொன்னார். பினாங்கு அங்கிள் சுருக்குப்பையைத் திறந்து மாமாவின் மூக்கில் வைத்துத் தேய்த்தார். உள்ளே இருந்தது குழந்தைப் பவுடர். திருநீறு எறியமாட்டேன் என்றுதானே சத்தியம், பவுடருக்கு யார் சத்தியம் செய்தது என்று கேட்டார். மாமா யோசித்தார். பிறகு எறிந்தார். பினாங்கு அங்கிள் கண்ணை மூடவே இல்லை. பவுடர் முகத்தில் விழும்வரை விழித்துக்கொண்டு நின்றார். கண்ணை முன்கூட்டி மூடினால் கமராவுக்குத் தெரிந்துவிடுமாம், அதுதான் தொழில் சுத்தமாம். விழுந்த பிறகு இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைத் தேய்த்துத் தேய்த்து எண்ணெய்க் கறை படிந்த நிலத்தில் புரண்டார். பார்த்த எனக்கே நிஜம்போல் இருந்தது. உடனே எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு, எறிந்தது போதாது, இன்னும் நேராக முகத்தில் எறி என்று திட்டி, பையை மாமாவிடமே கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவு பகையிலும் ஒருவர் உடம்பை மற்றவர் கையில் நம்பிக் கொடுத்துத்தான் அந்தத் தொழில் நடக்கிறது. அதை மாமா சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம். காலையில் மாமாவின் உடுப்பை அம்மா மடித்துப் பையில் வைத்தார். சிவப்புச் சுருக்குப்பை கையில் அகப்பட்டது. திறந்து மணந்து பார்த்தார். முகம் மாறியது. திருநீறு என்று சொல்லிக்கொண்டு பிள்ளைக்குப் போடும் பவுடரா என்று தனக்குள் பொருமினார். தம்பி எறியமாட்டான், சத்தியம் செய்திருக்கிறான். அப்படியென்றால் இந்தப் பை அவன் இடுப்பில் சும்மா கிடக்கப்போகிறது. சும்மா கிடப்பது சாமியாக இருந்தால் அவனுக்குக் காவல். அம்மாவின் கணக்கு அவ்வளவுதான். பவுடரைக் கழுவுதொட்டியில் கொட்டினார். அலுமாரியிலிருந்து பேணியை இறக்கி, பை நிறையத் திருநீறு அள்ளிப் போட்டு, வாயைச் சுருக்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு உடுப்புப் பைக்குள் வைத்தார். நான் குசினி மேசையில் பாண் சாப்பிட்டுக்கொண்டு பார்த்தேன். அதில் கெட்டது எதையும் நான் காணவில்லை. நாக்கில் வைக்கும் மருந்து கண்ணைக் கெடுக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

நகரத்து மண்டபத்தில் முன்வரிசையில் இடம் தந்தார்கள். சிகரெட் புகை, சுட்ட இறைச்சிப் பண்ட மணம், சிந்திய பியர். எங்கள் வரிசையிலேயே தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி குடையால் மேடைக் கயிற்றை அடித்துக்கொண்டு, இரண்டு கறுப்பர்களும் ஒருவரை ஒருவர் கொல்லட்டும் என்று கத்தினாள். அம்மா சேலைக்கு மேல் கோட்டு போட்டுக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் குனிந்துகொண்டேன்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. இருவரும் ஒருவரை ஒருவர் தூக்கி அடித்தார்கள். மாமா விழுந்தார், எழுந்தார், கயிற்றில் சாய்ந்தார். பிறகு அவர் கை இடுப்புக்குப் போனது. பக்கத்தில் அம்மா “சத்தியமடா” என்றார். மாமா ஒரு பிடி அள்ளி, சொல்லிக் கொடுத்தபடியே, நேராக முகத்தில் எறிந்தார். பினாங்கு அங்கிள் சொல்லிக் கொடுத்தபடியே விழித்துக்கொண்டு நின்றார்.

முதலில் எல்லாம் ஒத்திகையில் பார்த்த மாதிரியே இருந்தது. உள்ளங்கையால் தேய்த்தார், புரண்டார். பிறகு தேய்ப்பதை நிறுத்தினார். கைகளை முகத்துக்கு முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, தொடப் பயந்தவர் மாதிரி, முழங்காலில் நின்றார். “தண்ணி” என்றார். “டேய், தண்ணிடா. நெசமாத்தான்டா.”

அந்த மண்டபத்தில் அது யாருக்கு விளங்கும்? காட்டு மொழி. சனம் ஆனந்தத்தில் துள்ளியது. நடுவர் எண்ணத் தயாராக நின்றார். விளங்கியவர்களில் ஒருவர் மாமா. எத்தனை தரம் இதே குரலில் கத்தி அவரை ஏமாற்றியிருப்பார் அந்த மனிதர். கடைசி ஆட்டத்திலும் என்னை முட்டாளாக்கப் பார்க்கிறான் என்று மாமா நினைத்தார். மேலே பாய்ந்து, தோள் இரண்டையும் நிலத்தில் அழுத்தி, மூன்று எண்ணும்வரை இறுக்கிப் பிடித்தார். முகம் மாமாவின் மார்பில் தேய்ந்தது. எண்ணி முடித்த பிறகும் பினாங்கு அங்கிள் தண்ணி, தண்ணி என்றுதான் சொல்லிக்கொண்டு கிடந்தார். மாமாவின் கையில் பட்டியைக் கொடுத்தார்கள். அவர் அதைப் பாராமல் கீழே கிடந்தவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது மாமா கார் ஓட்டினார். டண்டினொங் கிட்ட வரும்போது அம்மா வாய் திறந்தார். சத்தியத்தை மீறினாய் என்று முதலில் ஏசினார். பிறகு குரலில் ஒரு பெருமை வந்தது.

“பைக்குள்ள இருந்த பவுடரைக் கொட்டிப்போட்டு ஊர்த் திருநீறு நிரப்பினனான். உனக்குக் காவலுக்கு. பார்த்தியே, சாமி அந்த மனிசன்ர கண்ணைக் குத்திப்போட்டுது.”

மாமா காரைத் தெருவோரம் நிறுத்தினார். நெற்றியை ஸ்டியரிங் வட்டத்தில் வைத்தார். அவர் அழுகிறார் என்று நினைத்தேன், அழவில்லை. நிமிர்ந்து, இதை வேறு யாருக்கும் சொல்லவேண்டாம் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். சாமி செய்ததைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்று சொல்வதாக அம்மா எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

பினாங்கு அங்கிளின் ஒரு கண் தேறியது. மற்றது, காரச் சாம்பலும் தேய்ப்பும் சேர்ந்து புண்ணாகி, தேறவில்லை. மாமாவோடு மேடை ஏற அதற்குப் பிறகு ஒருவரும் சம்மதிக்கவில்லை. நம்பிக் கொடுத்த உடம்பைக் கெடுத்தவன் என்று உடுப்பு மாற்றும் அறையில் அவர் முகத்துக்கு நேரே துப்பினார்களாம். வென்றவருக்கும் தொழில் போனது. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை எடுத்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். கலியாணம் கட்டவில்லை. தொலைக்காட்சியில் மல்யுத்தம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அம்மா மட்டும் ஒவ்வொரு கொண்டாட்டத்திலும், தம்பி நல்ல சைவன், அந்த அசுத்தத் தொழில் வேண்டாம் என்று தானாக விட்டுவிட்டான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைக் கேட்டுக்கொண்டு மாமா ஒரு மூலையில் புன்னகைப்பார். எனக்கு அம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கும்.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் மிச்சம். அதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் புதன்கிழமை மறுபடி தொடங்கிவிடுவீர்கள்.

ஆட்டம் முடிந்து சில வாரம் கழித்து, ஊருக்குக் கப்பல் ஏறுமுன் பினாங்கு அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு கண்ணில் கட்டு. மெலிந்து போயிருந்தார். அம்மா தேநீரைக் கைபிடி உடைந்த கோப்பையில் கொண்டுவந்து வைத்தார். அவர் தொடவில்லை, இருக்கவும் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் பட்டி கிடந்தது. அம்மா பின்வளவிலிருந்து ஒரு பூப் பறித்து அதன்மேல் வைத்திருந்தார்.

“என்னாத்தடா போட்டே?” என்று பினாங்கு அங்கிள் மாமாவைக் கேட்டார். “பவுடர் இல்ல அது. பவுடர் வாசமே இல்ல. வேற ஏதோ வாசம். என்னா போட்டே, சொல்லு. கொம்பனிக்காரன் சொன்னானா, நீயா செஞ்சியா?”

குசினி வாசலில் அம்மா நின்றார். வாய் திறக்கப் போகிறார் என்று எனக்கே தெரிந்தது. மாமா முந்திக்கொண்டார்.

“சுண்ணாம்பு” என்றார். “நான்தான் போட்டனான். பட்டம் எனக்கு மட்டும் வேணும் எண்டு.”

பினாங்கு அங்கிளின் கை ஓங்கியது. மாமா விலகவில்லை, கண்ணை மூடவும் இல்லை. ஓங்கிய கை அப்படியே இறங்கியது. நாய், என்றார் அவர். நாயிலும் கேவலம் என்றார். உன்னைச் சந்தையிலேயே விட்டிருக்க வேண்டும் என்றார். இன்னும் என்னவெல்லாமோ சொன்னார், மேடையில் சொன்னதைவிட மோசமாக. இந்த முறை அம்மா என் காதைப் பொத்தவில்லை, சாமி விஷயத்தை மறைக்கத் தம்பி பொய் சொல்கிறான் என்று நினைத்து நின்றார். மாமா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று நின்றார்.

பிறகு அவர் வாசலுக்குத் திரும்பினார். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கடல் தாண்டிப் போகிற எவரும், எதிரியாக இருந்தாலும், திருநீறு வாங்காமல் படி இறங்கக் கூடாது. அம்மா பேணியோடு ஓடிவந்தார். வேறு யாராவது என்றால் நெற்றியில் பூசி விட்டிருப்பார். அவரைத் தொட அம்மாவுக்குக் கை வராது. பேணியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். பினாங்கு அங்கிளுக்கு அது பழகிப்போன விஷயம். உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். அம்மா மேலிருந்து போட்டார்.

அவர் அதை நெற்றிக்குக் கொண்டுபோனார். கை மூக்கருகே வந்ததும் நின்றுவிட்டது.

கற்பூரமும் வெட்டிவேரும். அவர் மறுபடி ஒருமுறை மோந்தார். உள்ளங்கையைப் பார்த்தார். அம்மாவின் விரலைப் பார்த்தார், பேணியைப் பார்த்தார். கடைசியாக இருந்த ஒற்றைக் கண்ணால் மாமாவைப் பார்த்தார். மாமாவின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. பட்டத்துக்கு ஆசைப்பட்டுச் சுண்ணாம்பு எறிந்தவனின் முகம் அப்படியே இருந்தது.

பினாங்கு அங்கிள் திருநீற்றை நெற்றியில் மூன்று விரலால் இழுத்துப் பூசினார். மாமாவுக்குக் கை கொடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

“இன்னிக்குத்தான்டா உனக்கு நடிக்க வந்துச்சு” என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

கேட்டவர்களிடம் சுண்ணாம்பு என்றே சொன்னார், யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உங்கள் செயலாளரிடம் வேறு கதை இருந்திருக்கும்.

அம்மா பேணியை மூடிக்கொண்டு, என்னவாம் அந்த மனிசன் என்று மாமாவிடம் கேட்டார்.

“ஒண்டுமில்லை அக்கா” என்றார் மாமா. “போய்ட்டு வாறாராம்.”